பத்து நாள் சாம்பார்

கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு மதரஸா உஸ்தாத் பக்கத்திலிருந்த விவசாயியிடம் சொன்னார்:

“மாரியம்மனால எங்க விடுதியில பத்து நாளா கறியே கிடையாதுங்க.”

“என்னங்க சொல்றீங்க?”

“எங்க சமையல்காரர் கோயில்ல காப்புக் கட்டிட்டாரு. கறியைத் தொட மாட்டாருல்ல? ஒரு பையன், ‘அவரை நிறுத்திட்டு நம்ம ஆளைப் போடுங்க உஸ்தாத்’னு வந்து நிக்கிறான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘நோன்பு மாசம் பூரா உங்களுக்குக் கஞ்சி காய்ச்சினவரு அவருதான். இப்ப அவரோட விரதம். என்ன செய்யலாம்னு நீங்களே பேசிட்டு வாங்க’ன்னேன். சாயங்காலம் அஸர் தொழுதுட்டு எல்லாரும் உக்காந்து பேசினாங்க, சண்டைகூடப் போட்டாங்க. கடைசியில, ‘விரதம் முடியுற வரைக்கும் எங்களுக்கும் சாம்பாரே போதும்’னு வந்து சொன்னது அதே பையன்தாங்க. சமையல்காரரு அடுப்படியிலேயே அழுதுட்டாரு.”

விவசாயி சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“எங்க ஊர்லயும் காப்புக் கட்டியிருந்துச்சுங்க, நானும் விரதம்தான். உங்க புள்ளைங்க பத்து நாள் இருந்துட்டாங்க. நான் நாலாம் நாளே திருவேட்டக்குடியில மச்சான் வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டுட்டேன். என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

உஸ்தாத் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.