மைனாவைச் சுட்ட விரல்

இந்தக் காலத்து மனிதர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவன் முகம் பிடிப்பதில்லை, அம்மாடி. முகம் தெரியாதவர்கள்தான் உயிர். எதிரில் நான் மலை மாதிரி உட்கார்ந்திருக்க, உன் அப்பன் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியோடு குடித்தனம் நடத்தினான்.

அதுவும் ஒரு விளையாட்டா? கறுப்புத் திரை, பச்சை எழுத்து. புள்ளி வைத்தால் நட்சத்திரமாம், கோடு போட்டால் குண்டாம். 'திரும்பு' என்று தட்டினால் விண்கப்பல் திரும்பும். 'சுடு' என்று தட்டி, பேரையும் தட்டினால் அந்தக் கப்பலைச் சுடும். தையல்காரன் ஆயிற்றே, தன் கப்பலுக்கு 'ஊசி' என்று பேர் வைத்திருந்தான். கூட்டாளிக் கப்பல் 'மைனா'. அதை ஓட்டுகிறவள் எந்த ஊர்க்காரியோ, பழக்கமெல்லாம் அந்தத் திரையில்தான்.

கண் ஆபரேஷனாகிக் கட்டுப் போட்டபிறகு அவனுக்கு நான்தான் கண், நான்தான் விரல். லாரி ஓட்டின கை. கோழி கொத்துகிற மாதிரி ஒற்றை விரலால் கொத்துவேன்.

"டேய் ஆமை, சீக்கிரம் அடிடா. கப்பல் சாம்பலாயிடப் போகுது" என்பான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

இன்றைக்கு ஒரு சண்டை நடுவில் மைனா எழுதினாள்: "எங்க வீட்ல கீழ் போர்ஷன் காலி. தையல் மிஷினைத் தூக்கிட்டு வந்துடுங்க. சண்டை முடிஞ்சதும் விலாசம் தரேன்."

வாசித்துச் சொன்னதே நான்தான். உன் அப்பன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

"போயிடலாம்னு பாக்கிறேன்டா."

"மைனான்னு எழுதினா மைனாவா? மீசை வச்ச எருமையா இருந்தா?"

"இருக்கட்டுமே. எருமைக்கும் சட்டை தைப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் போகிறவன் குரல் எனக்குத் தெரியும். அவன் போய்விட்டால் என் மத்தியானத்தை நான் யார் தலையில் கட்டுவது?

எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள். மைனாவின் கவசம் பொத்தலாகிவிட்டது.

"மைனாவுக்குக் குறுக்கே போய் நில்லுன்னு அடிடா" என்றான்.

நான் நிதானமாக அடித்தேன்: சுடு மைனா. ஓர் எழுத்துக்கூடத் தப்பவில்லை.

அங்கே வெடித்த கப்பல் வெடித்ததுதான், அந்தப் பேரில் மறுபடி நுழைய முடியாது. அவள் பேர் திரையில் அணைவதற்குள் ஒரு வரி எழுதினாள்: "நீங்களா, தையல்காரரே?"

"என்னடா எழுதியிருக்கா?" என்றான் அவன்.

"எதிரி சுட்டுட்டான், போயிட்டு வரேன், உடம்பைப் பாத்துக்கோங்கன்னு எழுதியிருக்கா" என்று வாசித்தேன். அவள் எழுதியதைவிட நன்றாகவே இருந்தது.

நீ டம்ளரோடு பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டாய். கேட்டாய், சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்வதானால் கட்டு அவிழ்த்தபிறகு சொல், இப்போது அழுதால் கண்ணுக்கு ஆகாது. நாலு பச்சை எழுத்து அழிந்ததற்கு நீ ஏன் இப்படி முறைக்கிறாய் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

செருப்பு எங்கே போட்டேன்? சரி, வருகிறேன் அம்மாடி. நாளைக்கும் வழக்கம்போல வந்துவிடுவேன். என்னை விட்டால் அவனுக்கு இனிமேல் யார் இருக்கிறார்கள்?