நிக்கொலவுஸின்ரை தாடி

என்னது, திரும்ப ஒருக்கா வாசியுங்கோ பிள்ளை. உண்மையான நிக்கொலவுஸுக்கு அண்டைக்கு நேரமில்லையாம், அதாலை ஒரு உதவியாளரை அனுப்பினவராம். இதையோ நான் வகுப்புக்குள்ளை போய் இருபத்திநாலு பிள்ளையளுக்கு முன்னாலை நிண்டு சொல்லவேணும்? நான் தமிழிலை சொல்ல, நீங்கள் ஜேர்மனிலை சொல்லுவியள். ரீச்சர் கடதாசியிலை எழுதித் தந்ததும் இவ்வளவுதானோ? படிச்ச மனுசி. ஒரு பொய்யைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியேல்லை.

ஓம், நான்தான். தாடியைப் பிடுங்கின கிழவி நான்தான். உங்களுக்கு என்னெண்டு சொல்லிக் கூப்பிட்டவை? அடிச்சதெண்டோ? நான் ஆருக்கும் அடிக்கேல்லை பிள்ளை. இழுத்தனான். அவ்வளவுதான். அதுவும் ஆரின்ரை தாடி? நான் பெத்தவன்ரை தாடி. பெத்த பிள்ளையின்ரை தாடியை இழுக்க இந்த நாட்டிலை ஆரிட்டையும் அன்ராக் எழுதிக் குடுத்து அனுமதி கேக்கவேணுமோ?

வனஜாவோ பேர்? வடிவான பேர். எந்த ஊர்? ஓ, கொலோனிலையே பிறந்த பிள்ளையோ. தமிழ் நல்லாக் கதைக்கிறியள். அப்ப உங்களுக்கும் சின்னனிலை நத்தார் தாத்தா மாதிரி உந்தக் கிழவன் மார்கழி ஆறாந் திகதி வந்து சப்பாத்துக்குள்ளை சொக்லேற் வைச்சவனோ? பாத்தியளே. கொம்மாவும் அந்தக் கூட்டம்தான்.

எங்கடை சனத்தைச் சொல்லுறன். வெள்ளைக்காரன் செய்யிறான், அவன்ரை ஊர், அவன்ரை வழக்கம், செய்துபோட்டுப் போகட்டும். எங்கடையள் அவனுக்கு மேலாலை போகுதுகள். என்ரை மருமகள் கலாதேவி, நவம்பர் பிறந்தால் காணும், பிள்ளையை வெருட்டத் துவங்கீடுவா. சாப்பிடாட்டி நிக்கொலவுஸ் எழுதுவார், பல்லு மினுக்காட்டி நிக்கொலவுஸ் எழுதுவார். அவருக்கென்ன வேறை வேலையில்லையோ? போன வருசம் சப்பாத்துக்குள்ளை சொக்லேற்றை வைச்சவ, விலை ஒட்டின துண்டைக் கழட்டேல்லை. ஜெயச்சந்திரன்ரை கடைத் துண்டு. எங்களுக்கு அரிசிமாவும் கருவாடும் விக்கிற ஜெயச்சந்திரன். நான் கேட்டன், ஏன் பிள்ளை, உங்கடை நிக்கொலவுஸும் தமிழ்க் கடையிலையோ சாமான் வாங்கிறவர் எண்டு. அதுக்கு மூண்டு நாள் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. செய்யிறதெண்டால் கவனமாச் செய்யவேணும். ஆறு வயதுப் பெட்டை இப்ப எழுத்துக் கூட்டி வாசிக்குது, அதைக்கூட யோசிக்கேல்லை.

எங்கடை கட்டிடத்திலை யோகமெண்டு ஒரு மனுசி இருக்கிறா, எட்டாம் மாடி. அவவின்ரை பேரன் சப்பாத்தை வீட்டுக் கதவுக்கு வெளியிலை வைச்சிட்டுப் படுத்தான். விடியப் பாத்தால் சொக்லேற்றும் இல்லை, சப்பாத்தும் இல்லை. ஆரோ ஒரு காவாலி தூக்கிக்கொண்டு போட்டான். பெடியன் கத்துறான். யோகம் என்ன சொன்னவ தெரியுமோ? நிக்கொலவுஸ் வந்து பாத்தவர், உன்ரை சப்பாத்தின்ரை அடி தேஞ்சிருந்தது, தைக்கக் கொண்டு போட்டார் எண்டா. அது பொய். அதுக்கு மூளை வேணும். பெடியன் அழுகையை நிப்பாட்டிப்போட்டு, எப்ப திருப்பித் தருவார் எண்டு கேட்டான். அதோடை யோகமும் மாட்டுப்பட்டா, அது வேறை கதை.

பிறகு ஈஸ்ரர் வந்தால் முயல் முட்டை போடுதாம். நீங்களும் நம்பினனீங்களோ? சிரியாதேங்கோ. கோழி எண்டு ஒண்டு உலகத்திலை இருக்கேக்கை, முட்டைக்கு ஏன் முயலைக் கூப்பிடவேணும்? பொய் சொல்லுறவை கொஞ்சம் கிட்டவான பொய்யாச் சொன்னால் என்ன?

ஓம், ஓம், அண்டைக்கு நடந்ததுக்கு வாறன். ரீச்சர் எல்லாத் தேப்பன்மாரிட்டையும் கேட்டவவாம், ஆருக்கு நிக்கொலவுஸா வர ஏலுமெண்டு. வெள்ளைக்காரர் எல்லாருக்கும் அண்டைக்குத்தான் வேலை. என்ரை மோன் சோதிலிங்கம் பாண் பேக்கரியிலை நிக்கிறவன், விடியப்புறம் துவங்கினால் பத்து மணிக்கு முடிஞ்சிடும். நான் வாறனெண்டு போட்டான். அவன் ஆரிட்டையும் ஏலாதெண்டு சொல்லமாட்டான். வாய் திறந்து நாலு வசனம் கதைக்காத பெடியன், அவனுக்கு நிக்கொலவுஸ் வேசம். சிவத்த அங்கி, பஞ்சுத் தாடி, கை கறுப்பெண்டு தெரியாமல் இருக்க வெள்ளைக் கையுறை. என்னையும் கலாதேவி அனுப்பிவிட்டா, தனக்கு வேலையாம், போய்ப் பிள்ளையோடை இருங்கோ எண்டு.

வந்தான். மணி கிலுக்கிக்கொண்டு வந்தான். தங்க மட்டை போட்ட புத்தகம் ஒண்டு. அதுக்குள்ளை பிள்ளையளின்ரை குற்றமெல்லாம் எழுதியிருக்கு. ஆர் எழுதினது? தாய்மார் முதல் கிழமையே ரீச்சரிட்டைக் குடுத்து அனுப்பினவை. பெத்த தாயே பிள்ளையைக் காட்டிக் குடுக்கிறா, அதைப் பண்டிகை எண்டினம்.

ஒவ்வொரு பேராக் கூப்பிட்டான். எங்கடை தேனுஜாவின்ரை முறை வந்துது. தேனுஜா, நீ நல்ல பிள்ளை, ஆனால் அப்பம்மா அவிச்ச பிட்டைத் தின்னாமல் பூச்சாடிக்குள்ளை தாட்டிருக்கிறாய் எண்டு ஜேர்மனிலை வாசிச்சான். பேந்துதான் கலாதேவி சொன்னவ என்ன எழுதிக் குடுத்தவவெண்டு, எனக்கு அப்ப ஒண்டும் விளங்கேல்லை. ஆனால் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்தன். ஐயோ பிள்ளை, அந்த முகம். தன்ரை களவு வானத்துக்கே தெரிஞ்சுபோச்செண்டு நினைச்சிட்டுது. என்ரை சீலைக்குள்ளை முகத்தை ஒளிக்குது. இவன் தாடிக்குள்ளாலை இன்னும் வாசிச்சுக்கொண்டு நிக்கிறான்.

பொறுக்கேலாமல் போச்சு. எழும்பிப் போனன், தாடியைப் பிடிச்சன், இழுத்தன். இஞ்சை பார் குஞ்சு, உன்ரை கொப்பா, பயப்பிடாதை எண்டன். அதுக்கு ரப்பர் நாடா போட்டிருந்தவை. கை வழுகி, தாடி போய் அவன்ரை முகத்திலையே அடிச்சுது.

அதுக்குப் பிறகு இருபத்திநாலும் ஒண்டாக் குழறிச்சுதுகள். ஒண்டு மேசைக்குக் கீழை பூந்திட்டுது. ஒரு பெடியன் இண்டைக்கு வரைக்கும் பள்ளிக்கூடம் வரமாட்டனெண்டு நிக்கிறானாம், தாய் ரெலிபோன் எடுத்து ஏசினவ. எனக்கு ஜேர்மன் விளங்காது, ஆனால் ஏச்செண்டு விளங்கும்.

அதெல்லாம் எனக்கொரு பொருட்டில்லை. ஆனால் இவள் இருக்கிறாளே, தேனுஜா. இவளுக்குப் பக்கத்திலை ஒரு பிள்ளையும் இருக்குதில்லையாம். நிக்கொலவுஸைச் சாகடிச்ச கிழவியின்ரை பேத்தியாம். ஒரு பிறந்தநாளுக்குச் சொல்லியிருந்தவை, அதையும் இப்ப வேண்டாமெண்டிட்டினம். போன புதன்கிழமை பள்ளிக்கூடத்தாலை வந்து, சாப்பாட்டுப் பெட்டியை அப்பிடியே மேசையிலை வைச்சாள். ஏன் குஞ்சு சாப்பிடேல்லை எண்டு கேட்டன். தனியச் சாப்பிட விருப்பமில்லை அப்பம்மா எண்டாள். அதுதான் வந்து நிக்கிறன். இல்லாட்டி இந்தக் கடதாசியை அண்டைக்கே கிழிச்சிருப்பன்.

என்ன சொல்லுறியள்? எங்கடை பிள்ளையாரும் உப்பிடித்தானே எண்டோ? நல்லாக் கேட்டியள். படிச்ச பிள்ளையள் எல்லாம் உதைத்தான் கேக்கும். பிள்ளையாரை நானும் நம்புறன். நான் நம்புறதை என்ரை பிள்ளைக்குச் சொன்னால், அது பிழையா இருந்தாலும் பொய்யில்லை. பிள்ளையார் இல்லையெண்டால் நானும் பிள்ளையும் சேந்து ஏமாந்தம், அவ்வளவுதானே. இது அப்பிடியோ? தாய்க்கும் தெரியும் இல்லையெண்டு, தேப்பனுக்கும் தெரியும், ரீச்சருக்கும் தெரியும். பெரியாக்கள் எல்லாரும் ஒரு பக்கம் நிண்டு கண்ணைக் காட்டிச் சிரிக்க, பிள்ளை மட்டும் மற்றப் பக்கம் தனிய நிக்குது. எனக்கு அதுதான் பிடிக்கேல்லை. பிள்ளை வளந்து வந்து, எத்தினை வருசம் என்னைப் பாத்துச் சிரிச்சனீங்கள் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?

கேக்காதுகளோ? மறந்திடுங்களோ? உங்களுக்கு என்ன வயது? இருபத்திரண்டோ. சரி.

நானோ? என்ரை பிள்ளைக்கு நான் ஒண்டும் சொல்லேல்லையோ எண்டு கேக்கிறியளோ?

சொன்னனான். ஏன் சொல்லாமல்.

இவன்ரை தேப்பன், நாகமுத்து, சிங்களப் பக்கம் சுருட்டுக்கடை வைச்சிருந்தவர். எழுபத்தேழாம் ஆண்டு ஆவணிக் கலவரத்திலை கடையை எரிச்சுப்போட்டாங்கள். ஆள் கடைக்குள்ளை. ஒரு சாம்பல்கூட ஊருக்கு வரேல்லை. இவனுக்கு அப்ப எட்டு வயது. தேப்பனெண்டால் உயிர். அப்பா எங்கை எண்டு கேட்டான். எனக்கு வாயிலை வந்தது, ஜேர்மனிக்குப் போட்டாரெண்டு. அந்தக் காலம் எங்கடை ஊரிலை ஒண்டு ரண்டு பேர் ஜேர்மனிக்கு வெளிக்கிட்டவை, அந்தப் பேர்தான் நாக்கிலை கிடந்துது. ஏன் கடிதமில்லையெண்டான். விசா இல்லை, கடிதம் போட்டால் பிடிச்சிடுவாங்கள், வாற ஆக்களிட்டைச் சாமான் குடுத்துவிடுவாரெண்டன்.

ஒரு பொய் சொன்னால் அதுக்குத் தீன் போட்டு வளக்கவேணும் பிள்ளை. தீபாவளி வந்தால் ஒரு சட்டை. அவன் பள்ளிக்கூடம் போன நேரம் நான் மெசினிலை இருந்து தைப்பன். லண்டனிலையிருந்து ஒரு வீட்டுக்கு வந்த பழைய சட்டையிலை கழுத்திலை தைச்ச கொம்பனிப் பேர்த் துண்டை வெட்டி வாங்கி, அதிலை வைச்சுத் தைப்பன், வெளிநாட்டுச் சட்டையெண்டு காட்ட. எப்பவும் ஒரு அளவு சின்னனாத்தான் தைப்பன். ஏனெண்டு விளங்குதோ? தேப்பன் கடைசியாக் கண்டது சின்னப்பிள்ளையை. பிள்ளை எவ்வளவு வளந்ததெண்டு அவருக்கு என்னெண்டு தெரியும்? சரியான அளவிலை வந்தால் ஒருநாளைக்கு யோசிப்பானெல்லே. துணியை வீணாக்கேலாது, அதாலை உள்மடிப்பை அகலமா விட்டு வைப்பன். தீபாவளி முடிய, கொண்டா மோனை, கொஞ்சம் பிரிச்சு விடுறன் எண்டு வாங்கிப் பெருப்பிச்சுக் குடுப்பன். தீபாவளியண்டைக்கு இவன் அந்தச் சின்னச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கை எட்டாமல், ஊரெல்லாம் காட்டித் திரிவான். அப்பாவுக்கு நான் வளந்தது தெரியாது எண்டு சொல்லிச் சிரிப்பான். ஒம்பது சட்டை.

எண்பத்தாறிலை எங்கடை பக்கமும் ஆமிக்காரங்கள் பெடியளைப் பிடிக்கத் துவங்கினாங்கள். ஒரே பிள்ளை. வெளிக்கிடுத்தி விட்டன். அப்பாட்டைப் போறன் எண்டு சிரிச்சுக்கொண்டுதான் பஸ் ஏறினவன். அப்ப சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைத் தனிய விட்டிட்டுப் போயிருக்கமாட்டான். சொல்லேல்லை. பதினேழு வயசு. கிழக்கு பேர்லினிலை ஷோனெஃபெல்ட் விமான நிலையத்திலை வந்து இறங்கி, பிறகு ஒவ்வொரு அகதி முகாமா, கண்ட தமிழாக்களிட்டை எல்லாம் நாகமுத்து எண்டு ஒருத்தரைத் தெரியுமோ எண்டு கேட்டுத் திரிஞ்சவனாம். இரண்டு வருசம். கடைசியிலை ஆரோ, தேப்பன்ரை கடைக்குப் பக்கத்துக் கடையிலை நிண்ட ஒரு மனுசன், உண்மையைச் சொல்லிப்போட்டான்.

எனக்குக் கடிதம் வந்துது. ஒரே ஒரு வரி. சுகமோ எண்டும் கேக்கேல்லை. அம்மா, இனி நீங்கள் பொட்டு வைக்கத் தேவையில்லை எண்டு எழுதியிருந்தான்.

அதுவரைக்கும் வைச்சுக்கொண்டுதானே திரிஞ்சனான். பதினொரு வருசம். பொய்க்கு அதுவும் வேணுமெல்லே. வாசிச்சுப்போட்டு முகத்தைக் கழுவினன். அவ்வளவுதான்.

பிறகு என்னை இஞ்சை கூப்பிட்டவன். எட்டு வருசமா ஒரே வீட்டிலை இருக்கிறம். ஒருநாள் அதைப் பற்றி ஒரு கதை இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை குசினிக்கு வந்து, இந்தக் கடதாசியை மேசையிலை வைச்சான். ஒரு வசனம்தானே அம்மா, உங்களுக்கு ஏலும் எண்டான். ஏச்சில்லை, கோவமில்லை. உங்களுக்கு ஏலும் எண்டான். விளங்குதோ பிள்ளை?

அழாதேங்கோ. ரீச்சர் கதவு திறக்கிறா போலை கிடக்கு. முகத்தைத் துடையுங்கோ, அழுத கண்ணோடை உள்ளுக்குப் போகக்கூடாது, பிள்ளையள் கண்டுபிடிச்சிடும்.

உந்தக் கடதாசியை மடிச்சு வையுங்கோ, அது உதவாது. நேரமில்லையெண்டால் ஒரு பிள்ளையும் நம்பாது, நேரமில்லையெண்டு அதுகள் வீட்டிலை நெடுகக் கேக்கிறதுதானே. இப்பிடிச் சொல்லுங்கோ. அவர் வரத்தான் வெளிக்கிட்டவர், படியிலை வழுக்கிக் காலைச் சுளுக்கிப்போட்டார், அதுதான் தேனுஜாவின்ரை அப்பாவைக் கேட்டவர். தனக்குக் கால் நோகுதெண்டு பிள்ளையளுக்குச் சொல்லவேண்டாமெண்டும் கேட்டவராம், வெக்கமாம். அதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ. என்னைப் பாக்காதேங்கோ, பிள்ளையளைப் பாத்துச் சொல்லுங்கோ.

இடக்கால் எண்டு சொல்லுங்கோ. எந்தக் காலெண்டு கேக்குங்கள்.