எதிர்க்கடை மேலாளருக்கு எங்கள் தெருவின் வழியனுப்பு

துணியிலும் சரி, தலைமை உரையிலும் சரி, சுருக்கம் என்பதையே சகித்துக்கொள்ளாத எங்கள் வணிகர் சங்கத் தலைவி, சலவைக்கடை அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முகவாயைத் தாங்கிக்கொண்டு, இவன் இன்று என்ன உளறப்போகிறானோ என்று காத்திருக்கும் மூத்தவர்களே! வீட்டில் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையிலேயே அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அணைத்துவிட்டீர்கள், நிம்மதியாகக் கேளுங்கள். நகர மையச் சீரமைப்பு அலுவலகத்தின் திட்ட அதிகாரி அம்மையார் அவர்களே! இவரை நாங்களாக அழைத்திருப்பது இதுவே முதல் முறை. இதுவரை இவராகத்தான் வந்துகொண்டிருந்தார். அனைத்துக்கும் மேலாக, இந்த விழாவின் நாயகராக, கூச்சத்தில் குனிந்து தம் காலணியைத் தாமே ஆராய்ந்துகொண்டிருக்கும் எதிர்க்கடை மேலாளர் அவர்களே! அனைவருக்கும் இந்தச் சாவிக்காரனின் பணிவான வணக்கம்.

என்ன? பின்னால் கேட்கவில்லையா? கேட்காமல்தான் கை தூக்கினீர்களா? சரி, சரி, மைக்கைக் கிட்டே இழுத்துக்கொள்கிறேன். தூணுக்குப் பின்னால் இருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். புதிய வளாகத்தின் கார் நிறுத்தும் தளத்தில் கூட்டம் போட்டால் தூணும் பார்வையாளராகத்தான் உட்காரும்.

அன்பர்களே! உலகத்தில் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? ஒரு தெருவின் வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து, யாரை விரட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்களோ, அவருக்கே வழியனுப்பு விழா எடுத்ததுண்டா? எந்த வாயால் ஒழிக என்றார்களோ, அந்த வாயாலேயே போகாதீர்கள் என்றதுண்டா? அந்த வாய் என்னுடைய வாய்தான். சிரிக்காதீர்கள், கூட நின்று கத்தியவர்கள் இங்கே இருபது பேர் இருக்கிறீர்கள். தையற்காரரே, மறைய வேண்டாம், உங்களைத்தான் சொல்கிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நம் தெருவைச் சீரமைக்கப் போகிறோம் என்று பலகை வைத்தார்கள். பலகை நன்றாக இருந்தது. அந்தப் படத்தில் மரங்கள் இருந்தன, நடைபாதை இருந்தது, பலூன் பிடித்த குழந்தை இருந்தது. நாம் மட்டும் இல்லை. என் சாவிக்கடை இருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி! சண்டைக் கடை இருந்த இடத்தில் ஒரு பெஞ்சு, அதில் ஒரு வெள்ளை நாய்!

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: சண்டைக் கடை என்பது அப்போது தெருமூலையில் இருந்த சாப்பாட்டுக் கடை. பெயர்ப்பலகையில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது, அதை யாரும் படித்ததில்லை. நடத்துகிறவர்கள் ஒரு அண்ணியும் ஒரு நாத்தனாரும். அண்ணியின் கணவர், அதாவது நாத்தனாரின் அண்ணன், இந்த இருவரையும் ஒரே சமையலறையில் விட்டுவிட்டுக் கப்பல் வேலைக்குப் போனவர். கடல் அமைதியானது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது! ஆறே மேசை. பட்டியல் கிடையாது. உள்ளே நுழைந்தால் அண்ணி உங்கள் முகத்தைப் பார்ப்பார், நாத்தனார் உங்கள் வயிற்றைப் பார்ப்பார், இருவருக்கும் கருத்து வேறுபாடு வரும், ஜெயிப்பவர் பரிமாறுவார்.

இந்தக் கடைக்குத் திட்ட அதிகாரி அம்மையார் ஒரு படிவத்தோடு வந்தார். புதிய வளாகத்தில் இடம் வேண்டுமென்றால் தரத்தை நிரூபிக்க வேண்டும். அம்மையார் கேட்டார்: "உங்க சாப்பாட்டோட ருசி தினமும் ஒரே மாதிரி இருக்க என்ன ஏற்பாடு வச்சிருக்கீங்க?"

நாத்தனார் சற்றும் யோசிக்காமல் சொன்னார்: "நானும் அண்ணியும் சண்டை போட்ட அன்னிக்கு உப்பு தூக்கலா இருக்கும். பேசாம இருந்த அன்னிக்கு உப்பே இருக்காது. எழுதிக்கோங்க."

அண்ணி சும்மா இருப்பாரா? "அவ சொல்றதை எழுதாதீங்க மேடம். சண்டை இல்லாத நாளுன்னு ஒண்ணு இருந்தாத்தானே?"

அம்மையார் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார்? 'தரம் நிலையற்றது.' மேடம், தலையாட்டுகிறீர்கள், நன்றி. பதினைந்தாம் நாள் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. எனக்கும் வந்தது. மொத்தம் ஏழு கடைகளுக்கு வந்தது. அன்று நாத்தனார் அந்தத் தாளை நான்கு முறை படித்தார். ஐந்தாம் முறை அண்ணி அதை வாங்கி மடித்து, மிளகு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கத் தொடங்கினார். அன்று அந்தக் கடையில் உண்மையிலேயே சண்டை நடக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்களே எழுந்துபோய் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டோம்.

அதே மாதம் எதிரே கண்ணாடிக் கோட்டையாக எழுந்தது, நம் மேலாளரின் உணவகம்! முந்நூறு ஊர்களில் கிளை! முந்நூறிலும் ஒரே நாற்காலி! முந்நூறிலும் ஒரே சிரிப்பு! எங்கே சாப்பிட்டாலும் ஒரே ருசி என்று ஆளுயர எழுத்து! அதன் நடுவே, இறுக்கிக் கட்டிய சிவப்பு டையோடு இவர். எங்களுக்கு இவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. டைக்காரர் என்று பெயர் வைத்தோம். மன்னியுங்கள் ஐயா, அதைவிட மோசமான பெயர்களும் பரிசீலனையில் இருந்தன.

திறப்பு விழா நாள் வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு விருந்து. எண்பது விருந்தினர்கள். திட்ட அதிகாரி அம்மையார், அவருடைய மேலதிகாரிகள், உணவகத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர். வெளியே நாங்கள்! என் கையில் ஒரு பலகை, அதில் 'ஒழிக'. மறு கையில் பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி. தொண்டையில் நியாயம், நெஞ்சில் நெருப்பு, காலில் மட்டும் அறுந்த செருப்பு.

பதினொன்றரை மணிக்கு, தெருமுனையில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த சீரமைப்பு இயந்திரம் ஒரே ஒரு வாய் மண்ணை அதிகமாக அள்ளியது. மண்ணோடு மின்சாரக் கம்பியும் வந்தது. டப்பென்று ஒரு சத்தம். தெரு முழுவதும் மின்சாரம் இல்லை!

எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் கேளுங்கள், அந்தக் கண்ணாடிக் கோட்டைக்குள் ஒரு அடுப்புகூடக் கிடையாது! எல்லாம் மின்சாரப் பெட்டி. எங்கேயோ சமைத்து, உறைய வைத்து, பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். நான்கு நிமிடம் சூடேற்றித் தட்டில் போடுவார்கள். பெட்டி செத்தது; விருந்தும் செத்தது.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு இவர் வெளியே வந்தார். எங்கள் முழக்கத்தின் நடுவே புகுந்து, என் பலகையைத் தாண்டி, நேரே சண்டைக் கடைக்குள் போனார். கையில் ஒரு உறைந்த பொட்டலம்.

"அக்கா, இதைக் கொஞ்சம் உங்க அடுப்புல சூடு பண்ணித் தர முடியுமா?"

அண்ணி வாங்கிப் பார்த்தார். பிளாஸ்டிக் தட்டு. அடுப்பில் வைக்கக் கூடாது என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. கொஞ்சம் பிரித்து முகர்ந்தும் பார்த்தார். "சூடு பண்ணலாம் தம்பி. வேற பாத்திரத்துல மாத்திப் பண்ணலாம். அப்புறம் யாரு சாப்பிடுவாங்க?"

நாத்தனார் கரண்டியோடு குறுக்கே வந்தார். "என்ன அண்ணி பேசிட்டிருக்கீங்க? நம்மளத் தூக்கி வெளிய போட்டுட்டு உக்கார வந்த ஆளு இவரு. வாசல் எங்க இருக்குன்னு காட்டுங்க!"

"அவன் எங்கடி வெளிய போடறான்? அவன் டையைப் பாரு, வேர்வையில நனைஞ்சு கயிறா தொங்குது. எண்பது பேரு பசியோட உக்காந்திருக்காங்களாம். பசிச்சவன்கிட்ட நீ யாரு கட்சின்னு கேப்பியா?"

"அந்த எண்பது பேர்ல நமக்கு நோட்டீஸ் அனுப்பினவங்களும் இருக்காங்க!"

"இருக்கட்டும். அவங்களுக்கு உப்பு நீ போடு."

அவ்வளவுதான்! அண்ணி எரிவாயு அடுப்பு மூன்றையும் பற்ற வைத்தார். சூப்புக்குக் காய்கறி நறுக்க ஒரு கை, கோழிக்கு மிளகு இடிக்க ஒரு கை. ரொட்டிக்கடைக்காரர் காலையில் சுட்ட ரொட்டி அத்தனையையும் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். பூக்கடை அக்கா உருளைக்கிழங்கு உரித்தார். நம் மேலாளர் டையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினார், அழுதார். வெங்காயத்தால் என்றார், நாங்களும் நம்பினோம்.

நான் வாசலில் நின்று இன்னமும் ஒழிக சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தார்: "சாவிக்காரரே! கத்தினது போதும், தட்டு பத்தலை. அந்தப் பலகையைக் கொண்டாங்க!"

கொள்கை ஒருபுறம், அண்ணி மறுபுறம். இந்தத் தெருவில் அண்ணியிடம் மறுத்துப் பேசியவர் ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம்! பலகையைக் கவிழ்த்தேன். மேலே சூப்புச் சட்டி, கீழே 'ஒழிக'. நானும் தையற்காரரும் ஆளுக்கொரு முனை பிடித்து, எந்த உணவகத்தை எதிர்த்துப் போராட வந்தோமோ, அதன் பின்வாசல் வழியாகவே விருந்தைச் சுமந்துகொண்டு போனோம். நான்கு நடை! போராட்ட வரலாற்றிலேயே எதிரிக்குப் பரிமாறிய ஒரே போராட்டம் எங்களுடையதுதான்!

எண்பது பேரும் சாப்பிட்டார்கள். முதலில் பேச்சுச் சத்தம் நின்றது. பிறகு கரண்டிச் சத்தம் கூடியது. பிறகு ரொட்டியால் தட்டைத் துடைத்தார்கள். அப்போது திட்ட அதிகாரி அம்மையார் பேச எழுந்தார். மின்சாரம்தான் இல்லையே, என் ஒலிபெருக்கியையே கேட்டு வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு என்ன சொன்னார்?

"இதுதான் தரம்! எதிர்த்தாப்புல இருக்கிற கடைக்காரங்க எல்லாம் இங்க வந்து சாப்பிட்டுப் பாத்து, தரம்னா என்னன்னு கத்துக்கணும்!"

மேடம், நீங்களே சிரிக்கிறீர்கள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். பின்வாசலில் நின்றிருந்த நாத்தனாரின் முகம் அடுப்பாகச் சிவந்தது. கரண்டி உயர்ந்தது. அண்ணி அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அண்ணியின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கைதட்டல் முடிந்து ஒலிபெருக்கி மேலாளரிடம் வந்தது.

தாய்மார்களே, பெரியோர்களே! இங்கேதான் நான் உங்களைக் கேட்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? நன்றி என்று ஒரு வார்த்தை போதும். பாராட்டு கிடைத்திருக்கும், பதவி உயர்ந்திருக்கும், பின்வாசலில் நிற்பவர்களைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. முதல் மேசையில் தலைமை அலுவலகப் பெரியவர் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். இவருக்கு வீட்டில் மனைவி, இரண்டு பெண்கள், சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத வேலை.

இவர் தொண்டையைச் செருமினார். சொன்னார்:

"மன்னிக்கணும் மேடம். இது எங்க சாப்பாடு இல்ல. எதிர்க்கடை அக்காங்க ரெண்டு பேரும் சமைச்சது. எங்களோடது பின்னாடி பெட்டியில உருகிட்டிருக்கு. கரண்ட் போனதும் எனக்கு வேற வழி தெரியல, அவங்ககிட்டப் போய் நின்னேன். நீங்க சொன்ன பாராட்டு அவங்களுக்குச் சேர வேண்டியது."

பெரியவரின் புன்னகை போன இடம் தெரியவில்லை. எண்பது பேரும் திட்ட அதிகாரி அம்மையாரையே பார்த்தார்கள். அம்மையார் தட்டைப் பார்த்தார், பின்வாசலைப் பார்த்தார், கடைசியில் மெல்லக் கேட்டார்: "இன்னும் கொஞ்சம் சூப்பு இருக்கா?"

தட்டுங்கள் கையை! அது அவருக்கான கைதட்டல்! தவறென்று தெரிந்ததும் அடுத்த கிண்ணம் கேட்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

மறுநாள் அம்மையாரே வந்து அறிவிப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அண்ணியும் நாத்தனாரும் இந்த வளாகத்தின் தரைத்தளத்தில் எட்டு மேசையோடு இருக்கிறார்கள். எனக்கு மாடிப்படிக்கு அடியில் இடம். குனிந்துதான் உள்ளே போக வேண்டும், எனக்கு அந்தப் பணிவு தேவைதான். ஏழு பேரில் நான்கு பேருக்கு இடம் கிடைத்தது. மூன்று பேருக்குக் கிடைக்கவில்லை. கடிகாரக் கடைக்காரர் இன்று நம்மோடு இல்லை, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். விழா மேடையில் இதை ஏன் சொல்கிறாய் என்று தலைவி முறைக்கிறார். சொல்ல வேண்டும் அம்மா. முழு வெற்றி என்று நான் பொய் சொன்னால், உண்மை சொன்னதற்காக மாற்றலாகிப் போகிறவரின் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

ஆமாம், மாற்றல்தான். கட்டுப்பாட்டை மீறி வெளிச் சமையலைப் பரிமாறினார் என்று கடிதம் வந்ததாம். ஒன்றரை நாள் பயணத் தூரத்தில் ஏதோ ஒரு கிளை. இன்று நான்கு மணி பேருந்து.

தரம், தரம், தரம் என்றார்களே, எது தரம்? நான்கு நிமிடச் சூட்டில் வருவதா தரம்? முந்நூறு ஊரிலும் மாறாததா தரம்? பாராட்டு தன் மடியில் வந்து விழும்போது, இது என்னுடையதல்ல என்று எடுத்து உரியவரிடம் கொடுத்தாரே, அது தரம்! நோட்டீஸ் அனுப்பியவருக்கும் சேர்த்து அண்ணி அடுப்பு மூட்டினாரே, அது தரம்! அத்தனை கோபத்திலும் நாத்தனார் அன்று உப்பைச் சரியாகப் போட்டாரே, அடடா, அதுவல்லவோ தரம்! கடைகள் கண்ணாடியாகட்டும், கட்டடங்கள் ஏழு மாடியாகட்டும். எதிர்ப்பக்கம் போய் உதவி என்று கேட்க ஒரு வாசல் இருக்கும்வரை இது தெரு! அந்த வாசலையும் அடைத்துவிட்டால் இது வெறும் வரைபடம்!

புதிய மேலாளரும் வந்திருக்கிறார் போலிருக்கிறது. பயப்படாதீர்கள் தம்பி, இன்று பலகை எதுவும் கொண்டுவரவில்லை. அங்கே என்ன சத்தம்? ஓ, பயணத்துக்குக் கட்டிய சாப்பாட்டில் கோழி போதுமா போதாதா என்று அண்ணியும் நாத்தனாரும் தொடங்கிவிட்டார்கள். அப்படியென்றால் எல்லாம் நலம்!

மேலாளர் அவர்களே! போகிற ஊரிலும் உங்கள் கண்ணாடிக் கோட்டைக்கு எதிரே ஒரு சின்னக் கடை இருக்கும். உங்களைப் பார்த்ததும் முறைப்பார்கள், பெயர்கூட வைப்பார்கள். முதல் நாளே போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நீங்கள் யார், எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். கம்பெனி பெயரைச் சொல்லாதீர்கள். எங்கள் தெருவைச் சொல்லுங்கள்! எங்கள் தெருக்காரர் என்று சொல்லுங்கள்! யாராவது சந்தேகப்பட்டால் இந்தச் சாவிக்காரனுக்குப் போன் போடச் சொல்லுங்கள், நான் சாட்சி சொல்கிறேன்!

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கும், பொறுக்காமல் சிரித்த வாய்களுக்கும், என்னை இவ்வளவு நேரம் பேசவிட்ட தலைவிக்கும், அமைதி காத்த தூண்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. போய் வாருங்கள் ஐயா. வணக்கம்!