வேலி தாண்டும் முறை

முதல் துப்பாக்கியை யாரும் மறப்பதில்லை, ஐயா. என் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு அப்பா வாங்கித் தந்தார். பாயின்ட் இருபத்திரண்டு ரகச் சின்னத் துப்பாக்கி, ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடுவது. மொன்டானாவில் எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாருக்கும் அந்த வயதில் ஒன்று வந்துவிடும். கோதுமை வயலில் வளை தோண்டும் தரை அணில்களைச் சுடுவோம். நான் அதைக் கட்டிலில் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் தூங்குவேன்.

"மாட்டு மேல குண்டு பட்டுச்சோ, அன்னைக்கே பிடுங்கிடுவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்தக் கோடையில் பக்கத்துப் பண்ணைக் கிடாரி ஒன்று என் குண்டு பட்டுச் செத்தது. வேண்டுமென்று சுடவில்லை, உயரமான புல்லுக்குள் படுத்திருந்தது. கூட இருந்தவன் சித்தப்பா மகன் டுவேன் மட்டும்தான். என்னைவிட ஒரு வயது பெரியவன், வாயாடி. அவனிடமும் அதே ரகத் துப்பாக்கி இருந்தது.

"தொலைஞ்சடா மெர்ல். பெரியப்பா உன் தோலை உரிச்சுக் கொட்டகையில காயப் போடப்போறாரு" என்று வழியெல்லாம் சிரித்தான். அடிக்கு நான் பயப்படவில்லை. துப்பாக்கி போய்விடுமே என்றுதான் பயம்.

முள்கம்பி வேலி வந்தது. வேலி தாண்டும் முறை உங்களுக்கே தெரியும். துப்பாக்கியிலிருந்து குண்டை எடுத்துவிட்டு, கூட வருபவனிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு தாண்ட வேண்டும். சித்தப்பா அதை டுவேனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கியிருந்தார். அவன் அப்படியே செய்தான்.

"பிடிடா" என்று தன் துப்பாக்கியை என்னிடம் நீட்டினான். பாதி தாண்டும்போது கால்சட்டை முள்ளில் மாட்டிக்கொண்டது. "கொஞ்சம் எடுத்துவிடேன். மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? சும்மா சீண்டினேன்டா. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

நம்பியிருக்கலாம். பயந்து போனவனுக்கு எதுவும் காதில் ஏறாது. என் பையிலிருந்து ஒரு குண்டை எடுத்து அவன் துப்பாக்கியில் போட்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். சுட்டேன். பிறகு துப்பாக்கியை வேலிக்கடியில் அவன் பக்கம் பார்க்க வைத்துவிட்டு ஓடினேன். வேலி தாண்டும்போது அவன் துப்பாக்கியே வெடித்துவிட்டது, கிடாரியைச் சுட்டதும் அவன்தான் என்றேன்.

அடக்கத்தன்று சித்தப்பா என்னிடம் கேட்டார். "உன்கிட்ட கொடுத்துட்டுத் தாண்டலையாடா?"

"இல்ல சித்தப்பா."

எத்தனை தடவை சொல்லியும் பிள்ளை கேட்கவில்லையே என்று சாகும்வரை புலம்பினார். பாவம், பிள்ளை கேட்டிருந்தான்.

சுட்டது டுவேனின் துப்பாக்கி, ஐயா. என்னுடையது எந்தப் பாவமும் அறியாது, அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது அது என் பேரனிடம் இருக்கிறது. தயவுசெய்து அவனிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள்.