பொங்கல் வாரத்துப் புத்தகம்

புஷ்பவல்லி: அக்கா, அதை அதுல வைக்காதீங்க. அது வேற கதை.

செல்வம்மாள்: வேற கதையா? அதே பொண்ணுதானே புஷ்பா... அதே நீட்டப் பின்னலு, அதே பொட்டு.

புஷ்பவல்லி: படம் போடுறவரு ஒருத்தரு. எந்தக் கதைக்குப் போட்டாலும் அவருக்கு ஒரே மூஞ்சிதான் வரும்.

செல்வம்மாள்: அப்ப காலையிலேருந்து வாரப் பொஸ்தகத்துலேருந்து நான் கிழிச்சு அடுக்குனதெல்லாம்...

புஷ்பவல்லி: மூணு தொடர்கதையை ஒண்ணாக் கலந்து வச்சிருக்கீங்க. மெட்ராஸு ஆபீஸுல டைப் அடிக்கிறவ, பக்கத்தைப் புரட்டுனா மகாராணியா ஆயிடுறா.

செல்வம்மாள்: ஆவட்டுமே. எத்தனை நாளைக்குத்தான் டைப் அடிப்பா, பாவம்.

புஷ்பவல்லி: உங்களை வச்சுக்கிட்டு... சரி, அந்த வசம்பை இப்படித் தள்ளுங்க. கட்டுக்கு நடுவுல போடலைன்னா பூச்சி அரிச்சிடும்.

செல்வம்மாள்: நீ குடி போற அரியலூரு வூட்டுல பரண் இருக்கா?

புஷ்பவல்லி: சிமெண்டு ஆலைக்குப் பக்கத்துல ஒண்டுக் குடித்தனம். பரணுக்கு எங்க போக? சுவத்துல ஒரு ஷெல்பு இருக்குன்னு உங்க கொழுந்தன் சொன்னாரு.

செல்வம்மாள்: ஷெல்புல உப்பு புளி வைக்கவே எடம் பத்தாது. நாளைக்கு வண்டியில ஏத்துறப்ப இதையும் ஏத்தாத. கதை கதையாத் தச்சு இங்கயே வச்சிட்டுப் போ.

புஷ்பவல்லி: எல்லாத்தையும் வச்சுக்கங்கக்கா. வசுமதி கதை மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன்.

செல்வம்மாள்: அது எப்படி? எம் மவளுக்குப் பேரு வச்ச கதை. அதைக் குடுத்துட்டு மீதியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?

புஷ்பவல்லி: உங்களுக்குப் படிக்கத் தெரியாதே...

செல்வம்மாள்: எனக்குத் தெரியாது. எம் மவ வசு ஒண்ணாங் கிளாஸு போறாளே. நேத்து பஸ்ஸு போர்டைப் பாத்து, ஜெ... யங்... கொண்... டம்னு ராகம் போட்டுப் படிக்கிறா. இன்னும் கொஞ்ச நாளு போனா கதையே படிச்சுக் காட்டிடுவா.

புஷ்பவல்லி: அதான்...

செல்வம்மாள்: என்ன அதான்?

புஷ்பவல்லி: ஒண்ணுமில்ல. சணலை எடுங்க.

செல்வம்மாள்: ஊரு ஒலகத்துல ஓரகத்திங்க பானைக்கும் சட்டிக்கும் சண்டை போடுவாளுங்க. நாம பழைய காயிதத்துக்குப் போடுறோம்.

புஷ்பவல்லி: சண்டை எங்க போட்டேன்? கேட்டேன். அவ்வளவுதான்.

செல்வம்மாள்: மோந்து பாரேன் புஷ்பா... இந்தக் காயித வாசனைக்கே கண்ணு சொக்குது. அப்பல்லாம் மத்தியானம் வேலையை முடிச்சிட்டு வந்து முந்தானையை விரிச்சுப் படுப்பேன். நீ படிப்ப. தூங்குறேனா முழிச்சிருக்கேனான்னு எனக்கே தெரியாது. வசுமதி நம்ம கூடத்து வழியா நடந்து போவா... ஊதாப் பொடவை கட்டிக்கிட்டு.

புஷ்பவல்லி: கதையில ஊதான்னு வரவே இல்லியே.

செல்வம்மாள்: எனக்கு ஊதாவாத்தான் தெரிஞ்சா. இப்ப எங்க இருப்பா அவ?

புஷ்பவல்லி: கதையில இருக்குறவ எங்கக்கா இருப்பா...

செல்வம்மாள்: இருப்பா. அவ மவளும் பள்ளிக்கூடம் போவா. ஆமா, அந்தக் கட்டம் எங்க வச்ச? கைப்புள்ளையோட திருமழபாடியில ஆத்துல எறங்கி நடப்பாளே. மணலெல்லாம் நெலா காயும்... கணுக்கால் தண்ணி... புள்ளை முழிச்சுக்கிட்டுத் தண்ணியைப் பாத்துச் சிரிக்கும்.

புஷ்பவல்லி: இதுலதான் எங்கயாச்சும் இருக்கும்.

செல்வம்மாள்: அதுக்குப் படம் போட்டிருந்தாரா?

புஷ்பவல்லி: இல்ல... அதுக்குப் படம் இல்ல.

செல்வம்மாள்: சிறுவாச்சூர்ல புள்ளைக்கு முடி எறக்குவாளே, அதுக்கு?

புஷ்பவல்லி: அதுக்கும் இல்லக்கா.

செல்வம்மாள்: மெட்ராஸுல ஒக்காந்து எழுதுறவரு நம்ம பக்கத்து ஊரெல்லாம் எப்படித் தெரிஞ்சு வச்சிருந்தாரு பாரேன்.

புஷ்பவல்லி: பஸ்ஸுல வந்திருப்பாரு.

செல்வம்மாள்: ஆமாமா. வந்திருப்பாரு... என்ன, கட்டுன கட்டை மறுபடி அவுக்குற?

புஷ்பவல்லி: ஒரு வாரத்துது காணும்.

செல்வம்மாள்: எந்த வாரம்?

புஷ்பவல்லி: பொங்கல் வாரம்.

செல்வம்மாள்: கரும்புக் கட்டு அட்டை போட்டு வந்துச்சே, அதுவா?

புஷ்பவல்லி: அதேதான். பாத்தீங்களா? பொட்டியில இல்ல. பரண்லயும் தடவிட்டேன். தீபாவளி மலருக்குள்ள சொருகியிருக்கான்னுகூடப் பாத்துட்டேன்.

செல்வம்மாள்: ஒரு வாரம் இல்லாட்டி என்ன? முன்னைத் தூக்கிப் பின்னோட சேத்துத் தச்சுடு.

புஷ்பவல்லி: எங்கயோ கெடந்து வசு கையில கெடைச்சிடுச்சுன்னா?

செல்வம்மாள்: கெடைச்சா படிப்பா.

புஷ்பவல்லி: படிக்கக் கூடாதுக்கா.

செல்வம்மாள்: ஏன்டி, எங்கயோ பாத்துக்கிட்டுக் குத்துற? கோணி ஊசியைக் கீழ வை மொதல்ல. விரல்ல ஏத்திக்கப் போற.

புஷ்பவல்லி: உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டுனாலும் பரவாயில்ல. நாளைக்கு நான் போயிட்டா அப்புறம் சொல்ல முடியாது.

செல்வம்மாள்: சொல்லு.

புஷ்பவல்லி: அந்தப் பொங்கல் வாரத்தோட கதை முடிஞ்சு போச்சு.

செல்வம்மாள்: ம்...

புஷ்பவல்லி: பிரசவத்துல வசுமதி செத்துட்டாக்கா. வயித்துல இருந்ததும் போயிடுச்சு. முற்றும்னு போட்டுட்டான். உங்களுக்கு அப்ப ஏழு மாசம். அதுக்கு முன்னாடி ரெண்டும் தங்கல. எதுத்தாப்புல ஒக்காந்து வயித்தைத் தடவிக்கிட்டே, பொறந்துச்சா, என்ன புள்ளைன்னு கேக்குறீங்க. பொம்பளப் புள்ளை, தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்கன்னு படிச்சேன்.

செல்வம்மாள்: அதுக்கப்புறம்?

புஷ்பவல்லி: அதுக்கப்புறம் வாராவாரம் ஏதோ ஒரு பக்கத்தை விரிச்சு வச்சுக்கிட்டு வாயில வந்ததைச் சொன்னேன். ஆறு, நெலா, கோயிலு எல்லாமே. உங்களுக்குப் பிரசவம் ஆவுற வரைக்கும் சமாளிச்சாப் போதும்னுதான் நெனைச்சேன். நீங்க என்னடான்னா அந்தப் பேரையே புள்ளைக்கு வச்சிட்டீங்க. பேரு வச்ச அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. செத்தவ பேரை வைக்கிறாங்களே, வாயைத் தொறக்காம நிக்கிறேனேன்னு... இத்தனை வருசமா வசுவுக்கு மேலுக்குச் சூடு கண்டாலே எனக்குப் பகீர்னு இருக்கும். அந்தப் பொஸ்தகத்தைக் கண்ணுல காட்டாமக் கொளுத்திட்டுப் போயிடலாம்னுதான் தேடுறேன்.

செல்வம்மாள்: தேடாத புஷ்பா. அது இல்ல. அன்னிக்கு நீ படிச்சு முடிச்சுத் தண்ணிக்குப் போன நேரம் பாத்து, நெல்லு அவிக்கிற அடுப்புல நானே போட்டுட்டேன்.

புஷ்பவல்லி: அக்கா... உங்களுக்கு எப்படி...

செல்வம்மாள்: எழுத்துதான் தெரியாது, படங்கூடவா தெரியாது? அந்த வாரப் படத்துல அவளைக் கெடத்தித் தலைமாட்டுல வெளக்கு வச்சிருக்கு. நீ அதைப் பாத்துக்கிட்டே, தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்கன்னு படிக்கிற. கேட்டா நீ நிறுத்திடுவ. அதான் கேக்கல. ஒவ்வொரு வாரமும், இன்னிக்கு அவளை எங்க கூட்டிட்டுப் போவப் போறியோன்னு வயித்தைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். செத்தவ பேரையாடி வச்சேன் எம் மவளுக்கு? நீ பொழைக்க வச்சவ பேரைத்தான் வச்சேன்.