தண்ணீர் விடும் நாள்

ஷூவில் ஒட்டிய சரளையை வாசலிலேயே உதறிவிட்டு வந்தீர்கள் பாருங்கள், அதிகாரி, அதிலேயே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது. இந்தத் தெருவில் பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. முற்றத்துச் சரளை வெளிர் மஞ்சளாகவோ மங்கிய சிவப்பாகவோ இருக்க வேண்டும் என்பது எங்கள் குடியிருப்பின் விதி. அதை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. காபி ஆறுவதற்குள் குடியுங்கள். என் கணவர் டெல்மர் எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், எனக்கொன்றும் அவசரமில்லை.

அரிசோனா பாலைவனத்தில் வீடு வாங்கி வருகிறவர்களுக்குப் புல்தரை ஆசை லேசில் போகாது. புல் கூடாது, மல்பெரி கூடாது, ஆலிவ் கூடாது என்று சொல்லிவிட்டு நகராட்சி போய்விடும். அதை யார் பார்ப்பது? நான்தான் பார்த்தேன். முற்றக் குழுவின் தலைவியாக, தொப்பியைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் தெருத்தெருவாக நடப்பேன். என் தலையைக் கண்டதும் குழாயை மூடுவார்கள். அது பயம் என்பார் டெல்மர். மரியாதை என்பது என் எண்ணம்.

எதிர் வீட்டு லூப்பேயின் மல்பெரி மரத்தை வெட்ட வைத்ததும் நான்தான். அவள் புருஷன் நட்டுவிட்டுச் செத்துப்போன மரம். என்ன செய்வது, அதன் மகரந்தம் தெருவையே தும்ம வைக்கும். வெட்டுகிற ஆட்கள் வந்தபோது ஆறுதலாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

"டோன்யா வெர்னா," என்றாள். டோன்யா என்றால் ஸ்பானிஷில் அம்மணி. மரியாதையாகக் கூப்பிட்டே குத்துவது அவள் வழக்கம். "உங்க வீட்டுக் கொல்லையையும் கொஞ்சம் எட்டிப் பாருங்க. அங்கயும் ஒரு நாள் ஏதாவது பச்சையா முளைக்கும். அன்னிக்கு நான் வந்து உங்க கையைப் பிடிச்சுக்கறேன்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்குப் போனதும் எதற்கும் இருக்கட்டும் என்று கொல்லைக் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கே தூண் மாதிரி நிற்கும் எங்கள் பெரிய சவாரோ கள்ளியின் அடியில், மடக்கு நாற்காலியில், பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு டெல்மர் உட்கார்ந்திருந்தார். வெறுங்காலுக்குக் கீழே, ஒரு கட்டில் அகலத்துக்குப் புல்.

"என்ன டெல்மர் இது?"

"புல்லு."

"புல்லுன்னு தெரியுது. யார் வெச்சது?"

"நான்தான். எங்க பாத்தாலும் பச்சையா இருக்கற அயோவால பொறந்தவன் வெர்னா நான். இத்தனை வருஷம் கல்லு மேலயே நடந்து காலே மரத்துப் போச்சு. செருப்பைக் கழட்டிட்டு நீயும் வந்து நில்லேன். ஜில்லுனு இருக்கு."

"லூப்பே பாத்தா என்ன ஆகும்?"

"அவளுக்கும் ஒரு நாற்காலி போடுவேன்."

அந்தப் பதிலில்தான் எனக்கு வயிறு எரிந்தது. தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இன்றைக்கு இந்தக் காபியை நாம் மூவருமாகக் குடித்துக்கொண்டிருப்போம்.

பிடுங்கி எறிந்திருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். செடிகொடிக் குப்பை எடுக்கிற வண்டி லூப்பே வாசலில்தான் வந்து நிற்கும். பச்சைப் புல்லை அள்ளிக்கொண்டு நான் அவள் முன்னால் போய் நிற்பதா? அதற்குப் பிறகு இந்தத் தெருவில் யார் எனக்காகக் குழாயை மூடுவார்கள்?

புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு நான் எப்போதும் ஒன்று சொல்வேன். சவாரோ பக்கத்தில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். அந்தக் கள்ளிக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. கொடுத்ததையெல்லாம் குடித்து, உடம்பின் மடிப்புகள் விரிந்து உப்பிப்போகும். வேர் அழுகி, ஒரு நாள் காற்றில் சாய்ந்துவிடும். எங்களுடையது கூரையைவிட உயரம், எடையோ ஒரு வண்டி எடை. நான் இதைச் சொல்லும்போதெல்லாம் டெல்மர் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

அவர் குவளையில் மொண்டு விட்டது புல்லுக்கே காணாது. நான் குழாயைப் போட்டேன். எங்கள் வீட்டுக்குத் திங்களும் வியாழனும்தான் தண்ணீர் முறை. மற்ற நாளில் ஒரு சொட்டு விட்டதில்லை, வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள். சட்டத்தை மீறியிருந்தால் வசந்தத்திலேயே முடிந்திருக்கும். மீறாததால் கோடைமழைக் காற்று வரைக்கும் இழுத்தது.

"எனக்காகவா வெர்னா தண்ணி விடறே?" என்று கேட்டு நெற்றியில் முத்தம் கொடுத்தார். ஆமாம் என்றேன். பொய்யில்லை.

கள்ளி கிழக்கே சாயத் தொடங்கியது. அவர் நாற்காலி மேற்கே கிடந்தது. மதியத்துக்கு மேல் நிழல் கிழக்கேதான் விழும் என்று சொல்லி மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். அதுவும் பொய்யில்லை.

அன்று வானம் பழுப்பாகிப் புழுதிக்காற்று கிளம்பியதும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். "அங்கயே இரு டெல்மர், எலுமிச்சை ஜூஸ் கொண்டுவரேன்," என்று சமையலறையிலிருந்து சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். கால்விரலால் புல்லை அளைந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஈரத்துணி மூட்டை விழுந்த மாதிரிதான் சத்தம் கேட்டது. ஜூஸ் கலந்து முடித்திருந்தேன்.

முதலில் ஓடி வந்தவள் லூப்பே. புல்லைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகுதான் குனிந்து மண்ணைத் தொட்டாள். "இவ்வளவு ஈரம் எப்படி டோன்யா?" என்றாள். உங்களுக்குச் சொன்னதும் அவளாகத்தான் இருக்கும். அக்கம்பக்கத்தில் இப்படி விழிப்பாக ஒருத்தி இருப்பது நல்லதுதான்.

சவாரோவைச் சாகடிப்பது இந்த மாநிலத்தில் குற்றம். அதை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஊர் வருவதற்கு முன்பே நின்ற உயிர், பாவம். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அந்தப் புல்லை ஏன் இன்னும் பிடுங்கவில்லை என்று பார்க்கிறீர்கள். விதிப்படி பிடுங்க வேண்டியதுதான். வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சோதிக்கத்தான் தினமும் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் கொஞ்ச நேரம் நிற்கிறேன். டெல்மர் சொன்னது சரிதான், ஜில்லென்றுதான் இருக்கிறது.

போகலாம், நான் தயார். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் கொல்லைக் குழாயை மட்டும் திறந்துவிட்டு வருகிறேன். இன்று வியாழக்கிழமை, எங்கள் முறை.