ஞானதுரை கண்ணின் தேனடை

— ஏலக்காய் வெளையுற இந்தச் சீமையில ஆண்டவர் மெனக்கெட்டுச் செஞ்ச கண்ணு ஒண்ணு உண்டுன்னா, சங்கிலி, அது இந்த ஞானதுரை கண்ணுதான்!

— படத்தத் தலகீழாப் புடிச்சிருக்கீக மொதலாளி.

— தேனடைக்கு ஏதுலே தலையும் காலும்? ஒரு அறை சிதைஞ்சிருக்கா பாரு! கண்ணு முகாமுல மதுரை டாக்டரு மிஷினக் கண்ணு மேலயே ஒட்ட வச்சு எடுத்தாக. மதுரையிலயே கழுவிக்கிறோம்னாக. நான் விடுவேனா? போடியில சங்கிலி ஸ்டுடியோவத் தவிர என் படத்த எவனும் கழுவுனதில்லன்னு பிலிமப் புடுங்கிட்டு வந்தேன்.

— இதுல ஒங்க மொகமே இல்லையே.

— கருவிழிக்கு உள்பக்கம்லே அது. அறை அறையா உசுரு. ஒண்ணு செத்தா மறுபடி மொளைக்காதாம். அடை நெறஞ்சிருந்தா நாளைக்கே மதுரையில வச்சுப் புரையை எடுத்துருவாக.

— நெறையலேன்னா?

— ஓட்டை விழுந்திருந்தா தொடவே கூடாதாம். தொட்டா, பால் ஊத்துன மாதிரி மொத்தமா வெளுத்துப் போயிருமாம். எனக்கு இருக்கது இந்த ஒத்தக் கண்ணுதான? எம் பொண்டாட்டி சுகிர்தம் மொகமே பொகையாத் தெரியுது. பையத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறா, பாவம்.

— அவுகளுக்குக் காட்டுன மாப்பிள்ளைப் படமும் இங்கனதான எடுத்தோம்.

— மறப்பேனா! பின்னால சுருளி அருவி வரைஞ்ச திரை, மேல ஒன்னோட கோட்டு…

— முதுகுல ஊக்கு. படத்துல விழாத எடத்துல வேட்டி.

— அதப் பாத்துத்தானலே வடுகபட்டிக்காரி மயங்குனா! கோயில்ல தாலி கட்டுறேன், மெல்ல நிமிந்து, "படத்துல இருந்தவுக எங்கன?"ன்னு கேட்டா. குறும்புக்காரி!

— குறும்புக்கா கேட்டாக?

— பின்ன? இன்னமும் அது நடுச்சுவத்துலதான் தொங்குது. இந்தத் தேனடையையும் பக்கத்துலயே மாட்டணும். கண்ணு தெளிஞ்சு வந்து அவளக் கிட்டக்க வச்சுப் பாக்கணும் சங்கிலி, வயசாயிருக்கும்ல அவளுக்கும்… சரி, பஸ்ஸு கெளம்பிரும். நெகட்டிவயும் குடு.

— பஸ்ஸு போகட்டும் மொதலாளி. செத்த ஒக்காருங்க.

— ஏலே, இம்புட்டுத் தெளிவாக் கழுவுறதுக்கு அப்பிடி என்ன மருந்துலே வச்சிருக்க?

— மருந்து இல்ல. படம் பூராம் கருப்பு கருப்பா ஓட்டை கெடந்துச்சு. அன்னைக்கு மாப்பிள்ளைப் படத்துல ஒங்க மொகத்து அம்மைத் தழும்ப அடைச்சேன்ல, அதே மாதிரி நெகட்டிவுல பென்சிலால எல்லாத்தையும் அடைச்சு, பிளேடால கோடு கீறி விட்டேன்.